சாமியார் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா?

அம்மா, தமிழ் வழியில் ஐந்தாம் வகுப்பு முடித்த மகனை தேவகோட்டைப் பக்கம் உள்ள பங்குப் பள்ளியில் (கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் பள்ளி) சேர்ப்பதா, காரைக்குடி சிபிஎஸ்இ பள்ளிக்கு வேனில் அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். "சாமியார் பள்ளிக்கூடத்துல மதம் மாத்திருவாங்களோ" என்ற உங்கள் மாமியாரின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவே அப்படிச் சொல்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது அவர்கள் சமயப் பாடத்துக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நீதிபோதனை வகுப்பு நடப்பது வழக்கம்.

இந்தப் பள்ளிகளுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1606இல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அதே சபையின் அருளானந்தர் 1693இல் நமக்குப் பக்கத்து ஓரியூரில் உயிர்விட்டார். 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டு, 1838இல்தான் அந்தச் சபையினர் மதுரைப் பணிக்குத் திரும்பினார்கள். பங்குப் பள்ளிகள் எல்லாமே அந்தச் சபையுடையவை அல்ல. மறைமாவட்டமோ (ஆயரின் நிர்வாகம்) கன்னியர் சபையோ நடத்துபவையும் உண்டு. ஆனால் 1599இல் இயேசு சபை வகுத்த கல்வித் திட்டத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நேற்றுப் படித்ததை இன்று திருப்பிச் சொல்ல வேண்டும், சனிக்கிழமை அந்த வாரப் பாடம் முழுவதையும் ஒப்பிக்க வேண்டும். சொற்போர், நாடகம், பரிசு எல்லாம் அதில் உண்டு. உங்கள் மகன் கூச்சக்காரன் என்று எழுதியிருக்கிறீர்களே, இலக்கிய மன்றத்தில் மேடையேற்றிப் பேச வைக்கும் பள்ளிதான் அவனுக்கு வேண்டும். பெற்றோரே பிள்ளைக்கு முதல் ஆசிரியர் என்று 1965இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கமும் சொன்னது. அதனால் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் தவறாமல் போய்விடுங்கள்.

சரி, வேலைவாய்ப்புப் பக்கம் வருவோம். பங்குப் பள்ளி என்றால் அரசு உதவி பெறுவதா, சுயநிதியா என்பதை முதலில் கேளுங்கள். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தால், கல்லூரியில் மாணவர்களுக்கான அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். தமிழக அரசு வேலையில் தமிழ் வழிக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய படிப்பு வரை தமிழில் படித்திருந்தால்தான் அது செல்லும். இப்போது ஆங்கில வழிக்கு மாற்றினால் போய்விடும்.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. டாக்டர் கனவு உறுதியாக இருந்தால், உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தக் கனவு இல்லையென்றால் என் ஓட்டு பங்குப் பள்ளிக்குத்தான். காலையும் மாலையும் வேனில் கழியும் நேரம் அவனுக்கு விளையாடக் கிடைக்கும்.

சேர்க்கும் முன் மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு வேலைநாளில் போங்கள். கணக்கு, அறிவியல் ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் ஆங்கில நோட்டை வாங்கிப் பாருங்கள். அதில் சிவப்பு மையில் திருத்தம் இருக்கிறதா, அந்தத் திருத்தத்தைப் பையன் மறுபடி எழுதியிருக்கிறானா என்று கவனியுங்கள்.