சர்க்கரையை ஒளித்துச் சாப்பிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 28 வயது. 16 வயதிலிருந்து டைப் 1 சுகர். தினமும் நான்கு முறை இன்சுலின் போடுகிறேன். கல்யாணமாகி ஏழு மாதம். ஊசி போடுவது கணவருக்குத் தெரியும், லோ சுகர் (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது) பற்றிச் சொன்னதில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு சமையல் தாமதமாகி, சுகர் இறங்கிவிட்டது. அவர் ஏதோ கேட்டதற்குக் கத்தி, தட்டைத் தள்ளிவிட்டேன். மூன்று நாள் அவர் பேசவில்லை. இப்போதெல்லாம் லோ ஆனால் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சர்க்கரை சாப்பிடுகிறேன். சொன்னால் பயந்துவிடுவாரோ?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தத் தாழ்ப்பாள். இனி ஒரு நாளும் போடாதீர்கள். உள்ளே மயங்கி விழுந்தால் கதவை உடைத்துத்தான் உங்களைத் தூக்க வேண்டியிருக்கும்.

என் கணவரும் பல வருடமாக இன்சுலின் போடுகிறார். கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அவர் தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. ஆளைக் காணோம். சமையலறையில் நின்று, குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் வெள்ளைப் பொடி. "என்னங்க" என்று தோளைத் தொட்டேன். "போ அந்தப் பக்கம்" என்று ஒரு சத்தம்! அதுவரை என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர். விடியும்வரை அழுதேன். விஷயம் தெரிந்திருந்தால் அழுவதற்குப் பதில் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்திருப்பேன். உங்கள் கணவரின் அந்த மூன்று நாள் மௌனம் எனக்குப் புரிகிறது.

ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் (mg/dL) கீழே இறங்கும்போது உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு எல்லாம் அதனால்தான். இன்னும் இறங்கினால் குளுக்கோஸ் கிடைக்காமல் மூளை தடுமாறும். காரணமில்லாத கோபம், பிடிவாதம், பேச்சுக் குழறல் வரும். தட்டைத் தள்ளியது உங்கள் சுபாவம் என்று நீங்களே நம்ப ஆரம்பித்துவிட்டீர்களோ என்றுதான் எனக்குக் கவலை.

லோவாக இருக்கும்போது விளக்கம் சொல்ல முயலாதீர்கள். சாப்பிட்டு, நம்பர் நன்றாக இருக்கிற ஒரு சாயங்காலம், இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். நோயைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம், அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஆரம்பியுங்கள். "அன்னைக்கு நான் கத்தினப்போ எனக்கு சுகர் இறங்கியிருந்துச்சுங்க. உங்ககிட்ட சொல்லத் தெரியலை." இவ்வளவு போதும்.

பயப்படத்தான் செய்வார். என்ன செய்வதென்று தெரியாத பயம்தான் ஆளைத் தின்னும், அதனால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் நிறைய, தண்ணீரில் கலந்து தரவேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பிவிட்டால் வாயில் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. நம் வீடுகளில் பதற்றத்தில் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்கவேண்டும்.

வேண்டாததையும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்பதை நான் நிறுத்தவே இரண்டு வருடம் ஆனது. லோ நேரத்தில் "நம்பர் பார்த்தீங்களா?" என்ற கேள்விகூட என் கணவருக்கு எரிச்சலாக இருக்கும். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: நான் எதுவும் கேட்க மாட்டேன், டம்ளரைக் கையில் கொடுப்பேன், அவர் குடித்துவிடுவார். "சுகர்காரிக்கு எதுக்குச் சர்க்கரை?" என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது கேட்டால் அதற்குப் பதில் சொல்வதும் உங்கள் கணவர் வேலையாகவே இருக்கட்டும்.

லோ அடிக்கடி வருகிறதென்றால் இன்சுலின் அளவை டாக்டரிடம் கேளுங்கள். கணவரையும் கூட அழைத்துப் போங்கள்.

அப்புறம், பேசி முடித்ததும் சுகர் பார்க்கும் மீட்டரை எடுத்து, விரலில் குத்தும் புது ஊசி மாட்டி, அவர் விரலிலேயே ஒரு தடவை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரிப்பை எந்தப் பக்கம் செருகுவது என்று நடுராத்திரியில் அவர் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.