தொட்டியை நகர்த்தினால் பறப்பவை

கேள்வி: எங்களுடையது மூன்றாவது மாடி ஃபிளாட். ஹாலில் மணிபிளான்ட், பீஸ் லில்லி, ஸ்நேக் பிளான்ட் என்று 11 தொட்டிகள் இருக்கின்றன. மழை ஆரம்பித்ததிலிருந்து தொட்டியை நகர்த்தினாலே கறுப்பாகக் குட்டிக் கொசுக்கள் எழும்புகின்றன. காபி டம்ளரில்கூட விழுகின்றன. கொசு ஸ்பிரே அடித்தால் இரண்டு நாள் காணோம், அப்புறம் பழையபடி வந்துவிடுகின்றன. குழந்தை இருக்கிற வீடு, டெங்கு பயம் வேறு. அரிசி கழுவிய தண்ணீர் தவிர நான் எந்த உரமும் போடுவதில்லை. செடிகளை வெளியே தூக்கி வைத்துவிடலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: தூக்க வேண்டாம். அந்த அரிசி கழுவிய தண்ணீரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் டெங்கு. உங்கள் ஹாலில் பறப்பது கொசுவே இல்லை, பூஞ்சை ஈ. கடிக்காது. டெங்கு கொசு தேங்கிய தண்ணீரில் பெருகுவது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் நின்றால் இன்றைக்கே கொட்டிவிடுங்கள், அது தனிக் கணக்கு. பூஞ்சை ஈக்கு வேண்டியது ஈர மண், அதில் மக்கும் பொருள், கொஞ்சம் பூஞ்சை. காளான் வளர்ப்பவர்களைக் கேட்டால் இதைப் பற்றி ஒரு மணி நேரம் புலம்புவார்கள்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அத்தைக்குக் கழுநீரைச் சாக்கடையில் விட மனசு வராது. ஊரில் அது மாட்டுக்குப் போகும். இங்கே மாடு இல்லை, மணிபிளான்ட் இருக்கிறது. கூடவே டீத்தூள், வெங்காயத்தோல் ஊறிய தண்ணீர், மீந்த மோர். நான் சொல்லிக் கேட்பாரா? ஒரு உருளைக்கிழங்கு வில்லையை மண்மேல் அழுத்தி வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அதைப் புரட்டினால், அடியில் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு நூல்போல ஏழு புழுக்கள். உடம்பு கண்ணாடி மாதிரி, தலை மட்டும் பளபளவென்று கறுப்பு. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதுகளுக்கா நான் இத்தனை நாளா ஆக்கிப் போட்டேன்?" அன்றிலிருந்து கழுநீர் கீழே தென்னைமரத்துக்குப் போகிறது.

ஸ்பிரே ஏன் தோற்கிறது என்று பாருங்கள். பறக்கும் ஈ ஒரு வாரம், பத்து நாள்தான் இருக்கும். அதற்குள் ஒரு பெண் ஈ 100, 200 முட்டைகூட இட்டுவிடும். முட்டை சில நாளில் பொரிந்து, புழு இரண்டு வாரம்போல மேல்மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் கிடக்கும். அப்புறம் கூட்டுப்புழு, மறுபடி ஈ. மொத்தம் மூன்று நான்கு வாரச் சுற்று. நீங்கள் அடித்த மருந்து பறந்ததைக் கொன்றது, மண்ணில் கிடந்ததைத் தொடவே இல்லை.

அதனால் மேல்மண்ணைக் காயப் போடுங்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும் தண்ணீர். ஸ்நேக் பிளான்ட் மூன்று வாரம் தண்ணீரில்லாமல் சும்மா இருக்கும். பீஸ் லில்லி நாடகமாடும், துவண்டு விழும், தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். அதற்கு மட்டும் டப்பில் தண்ணீர் வைத்துத் தொட்டியை அரை மணி நேரம் இறக்குங்கள். ஓட்டை வழியாக வேருக்குத் தண்ணீர் ஏறும், மேல்மண் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும்.

பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. உரக்கடையில் கிடைக்கும். இல்லையென்றால் மஞ்சள் பிளாஸ்டிக் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி, மண்ணை ஒட்டிப் படுக்கையாக வையுங்கள், நட்டுவைப்பதைவிட அதில் அதிகம் சிக்கும். ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். பத்து நாளில் குறைந்ததும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு.

அதற்கும் அடங்காவிட்டால் பி.டி.ஐ. என்னும் பாக்டீரியா மருந்து. 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடித்தது. கொசுப்புழுவுக்கும் இதைத்தான் தெளிக்கிறார்கள். பாக்கெட்டில் 'இஸ்ரேலென்சிஸ்' என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'குர்ஸ்டாகி' என்று இருந்தால் அது இலை தின்னும் கம்பளிப்புழு வகைகளுக்கு, உங்கள் காசு வீண்.

இன்னொன்று, புதுத் தொட்டி மண். போன வருஷம் ஒரு நர்சரியில் ஈரமாகக் கட்டிவைத்திருந்த கோகோபீட் கலவை வாங்கினேன். மூட்டையைப் பிரித்ததும் புகை மாதிரி எழும்பின. இப்போதெல்லாம் மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் பரப்பாமல் எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை.

கேள்வி: வாழைப்பழத் தட்டைச் சுற்றுவதும் இதேதானா?
- வாசகர், திருச்சி

பதில்: இல்லை, அது பழ ஈ. கொஞ்சம் குண்டு, பழுப்பு நிறம், பெரும்பாலும் சிவப்புக் கண். பூஞ்சை ஈ ஒல்லிக் குச்சி, கால் நீளம். பழத்தட்டை மூடி, குப்பைக்கூடையைக் கழுவுங்கள், செடியைத் திட்டாதீர்கள்.

கேள்வி: மண்மேல் பட்டைத்தூள் தூவினால் போய்விடும் என்கிறார்களே?
- வாசகி, மதுரை

பதில்: ஒரு பாக்கெட் தூவிப் பார்த்தேன். ஒரு வாரம் ஹால் முழுக்க பிரியாணி வாசம். ஈக்கள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தன.