ஜோடி நடன வகுப்பில் கூட ஆடுபவரைத் திருத்தலாமா?

கேள்வி: மட்டக்களப்பில் சல்சா, பைலா, வால்ட்ஸ் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பொன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஆள் மாற்றி மாற்றி ஆடவிடுகிறார்கள். சிலர் ஆடும்போதே என்னைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். வேறு சிலர் பிழையாக ஆடுவது தெரிந்தாலும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. டீச்சர் மற்றப் பக்கத்தாருக்கு விளங்கப்படுத்தும்போது என் கவனம் எங்கேயோ போய்விடுகிறது. இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது?

பதில்:

பாட்டு ஓடும்போது திருத்த வேண்டாம். நோகிறது, விழப் போகிறீர்கள், தொடும் விதம் சரியில்லை என்று பட்டால் மட்டும் அந்த நிமிடமே சொல்லுங்கள். மற்றதெல்லாம் பாட்டு முடியும்வரை பொறுக்கும். அதிலும் பாதி, பாட்டு முடிவதற்குள் தானாகச் சரியாகியிருக்கும்.

நகரில் இப்படியொரு வகுப்பில் நான் உதவிக்கு நிற்கிறேன். எந்தப் பக்கத்தில் ஆள் குறைகிறதோ அந்தப் பக்கம் போய் ஆடுவதுதான் என் வேலை. ஒரு நாள் லீட் பண்ணுவேன், அதாவது ஆட்டத்தை நடத்திப் போகும் பக்கம். இன்னொரு நாள் ஃபொலோ பண்ணுவேன், அந்த நடத்தலை வாங்கி ஆடும் பக்கம். இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்பதால் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: ஜோடி ஆட்டத்தில் பிழை ஒருவரிடம் தெரியும், ஆனால் பல தடவை அது தொடங்கியது மற்றவரிடம்.

சல்சாவில் ஃபொலோ வலப்பக்கமாகச் சுற்றும் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு ஐந்து, ஆறு, ஏழு. நாலிலும் எட்டிலும் அடி வைப்பதில்லை. ஐந்து, ஆறு, ஏழில் சுற்றி முடிக்க வேண்டுமென்றால் ஐந்து வருவதற்கு முன்பே லீட்டின் கை அதைச் சொல்லியிருக்க வேண்டும். பழகாத லீட் ஐந்து வந்த பிறகுதான் கையை உயர்த்துவார். ஃபொலோ ஆறில் சுற்றத் தொடங்கி ஏழில் முடிக்க முடியாமல் தள்ளாடுவார். லீட்டின் கண்ணுக்குப் படுவது அந்தத் தள்ளாட்டம் மட்டும். "நீங்க லேட்டு" என்று சொல்லிவிடுவார், அதுவும் நல்ல மனதோடுதான். அதைக் கேட்ட ஃபொலோ அடுத்த முறை கை வரும்வரை காத்திராமல் தானாகவே சுற்றிவிடுவார். இப்போது கையும் பிந்துகிறது, சுற்றும் முந்துகிறது. கையின் சொல்லை வாங்கி ஆடும் பழக்கமே கெட்டுப்போகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர நாள் எடுக்கும்.

மறுபக்கமும் இதேதான். "அவர் இழுக்கிறார்" என்று ஃபொலோ முறைப்பாடு சொல்லும்போது நான் அந்த லீட்டோடு ஆடிப் பார்ப்பேன். சில வேளை அவர் உண்மையிலேயே இழுப்பவர். சில வேளை ஃபொலோ தன் பாரத்தை அவருடைய கையில் போட்டுச் சாய்ந்திருப்பார், அவர் விழாமல் பிடித்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். இரண்டுமே இழுப்பாகத்தான் கைக்குப் படும்.

ஆள் மாற்றி ஆடவிடுவதில் இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஒரே தடுமாற்றம் அடுத்தடுத்து வேறு வேறு ஆட்களோடு உங்களுக்கு வந்தால் அது உங்கள் பக்கத்தில் இருக்கிறது என்று எடுங்கள். ஒருவரோடு மட்டும் வந்தால் யாருடையது என்று டீச்சர் பார்த்துச் சொல்லட்டும். ஒரே ஒருவரோடு ஆடிவிட்டுத் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

எங்கள் ஊருக்கு இது தெரியாத விசயமல்ல. வசந்தன் என்ற கோலாட்டம் ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். கோலை எதிரில் நிற்பவரின் கோலில் தட்ட வேண்டும், உடனே நகர்ந்து அடுத்தவரிடம் போக வேண்டும். ஒருவர் அரைத் தாளம் பிந்தினால் வட்டமே குழம்பும், ஆனால் குழம்பிய இடத்தில் நிற்பவர் பிந்தியவராக இருக்கமாட்டார். அங்கே பிள்ளைகள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு நின்று நான் கண்டதில்லை. ஆட்டம் பழக்கும் அண்ணாவியார் வெளியில் நிற்கிறார், முழு வட்டமும் அவர் கண்ணில் இருக்கிறது, நிறுத்துவதும் திருத்துவதும் அவர்தான். ஆடுபவர்களின் வேலை தாளத்தைக் கேட்பதும் எதிர்க் கோலைப் பார்ப்பதும். ஆணும் பெண்ணுமாய் ஜோடி சேர்ந்து ஆடுவதும் மட்டக்களப்புக்கு நேற்று வந்ததல்ல. இங்குள்ள பறங்கியர் கலியாணங்களில் கஃப்ரிஞ்ஞா என்ற ஜோடி ஆட்டமும், நாலு ஜோடி சதுரமாக நின்று ஆடும் லான்சர்ஸும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. இந்த வகுப்புகளை ஏதோ வெளியூர்ப் பழக்கம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

டேங்கோ பிறந்த புவெனஸ் அயர்ஸில் இதற்கென்றே இடம் பிரித்து வைத்திருக்கிறார்கள். மிலொங்கா என்பது மக்கள் கூடி ஆடும் இரவு. அங்கே கூட ஆடுபவருக்குப் பாடம் எடுப்பது மரியாதைக் குறைவு. பிராக்டிகா என்பது பழகும் இடம். அங்கே நிற்கலாம், கேட்கலாம், ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம். நம் வகுப்புகளில் இரண்டும் ஒரே மண்டபத்தில் ஒரே மாலையில் நடப்பதால், எப்போது ஆட்டம், எப்போது பேச்சு என்று நாங்களே எல்லை போட வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சியும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. உடல் அசைவுகளைக் கற்பது பற்றி 1984 இல் சல்மோனி, ஷ்மிட், வால்டர் என்ற மூவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் பிழை சரி சொல்லிக்கொண்டிருந்தால் ஆள் அந்த நேரம் நன்றாகச் செய்வார், சொல்வதை நிறுத்தியதும் தடுமாறுவார். தன் பிழையைத் தானே உணரும் வேலையை மற்றவர் செய்துவிடுகிறார் என்பதுதான் காரணம். 1996 இல் குளூகர், டெனிசி இருவரும் இப்படியான கருத்துச் சொல்லல்களை ஆராய்ந்த நூற்றுக்கணக்கான முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் கருத்துச் சொன்ன பிறகு செயல் கீழே போயிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் போகும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். "கை பிந்தி வருது" என்பது வேலையைப் பற்றியது. "உங்களுக்குத் தாளமே வராது" என்பது ஆளைப் பற்றியது. இரண்டாவதை வகுப்பில் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த கிழமை வரவில்லை. எனக்கு அது இன்றும் கோபம்.

சரி, சொல்லத்தான் வேண்டும் என்றால் எப்படிச் சொல்வது?

முதலில் கேளுங்கள். "ஒண்டு சொல்லட்டா?" என்றால் போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், சிலர் அன்றைய நாளுக்குப் போதுமான அளவு தலையில் ஏற்றியிருப்பார்கள். பிறகு உங்கள் உடம்புக்குப் பட்டதை மட்டும் சொல்லுங்கள். "நீங்க கையைத் தப்பாப் பிடிக்கிறீங்க" என்பது தீர்ப்பு. "என்ட கை கொஞ்சம் கீழ இருந்தா எனக்குச் சுத்த லேசு" என்பது உங்களுக்குத் தெரிந்த உண்மை, அதை யாரும் மறுக்க முடியாது, பிழை யாருடையது என்ற வழக்கும் அதில் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்று. சொன்ன உடனே செய்து பாருங்கள், "இன்னொருக்கா மெள்ளச் செய்து பாப்பமா?" என்று. நன்றாக வந்தால் எது நன்றாக வந்தது என்பதையும் சொல்லுங்கள். "சூப்பர்" என்ற சொல்லால் யாருக்கும் எதுவும் விளங்காது. "இந்த முறை கை முந்தியே வந்தது, சுத்து எங்க தொடங்குதெண்டு எனக்கு விளங்கிச்சு" என்றால் அடுத்த முறையும் அவர் அதையே செய்வார்.

இங்கே வயதும் முறையும் குறுக்கே வருகின்றன. வகுப்பில் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சிதான். மூத்தவர் இளையவருக்குச் சொல்வது இயல்பாகப் போய்விடுகிறது, இளையவர் மூத்தவருக்குச் சொல்வது வாய்க்காட்டலாகத் தெரிகிறது. அதனால் வகுப்பில் திருத்தம் ஒரு திசையில்தான் ஓடுகிறது: மூத்தவரிடமிருந்து இளையவருக்கு, பெரும்பாலும் ஆணிடமிருந்து பெண்ணுக்கு. நன்றாக ஆடத் தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்கு என்றால்கூடப் பரவாயில்லை, அப்படியும் இல்லை. ஐம்பது வயது அண்ணனோடு ஆடும் இருபது வயதுத் தங்கச்சிக்கு அவர் கை பிந்துவது தெளிவாகத் தெரியும், தலையைக் குனிந்துகொண்டு "ஓம் அண்ணா" என்பாள். நீங்கள் மூத்தவராக இருந்தால் வாசலை நீங்கள்தான் திறக்க வேண்டும். "என்ட கை உங்களுக்கு எப்படி இருக்கு, தங்கச்சி? பிந்துதா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். "எல்லாம் சரியா?" என்று பொதுவாகக் கேட்டால் "சரி" என்ற பதில்தான் வரும்.

தொடுகை பற்றி எந்தத் தயக்கமும் வேண்டாம். வால்ட்ஸில் லீட்டின் வலக்கை ஃபொலோவின் இடது தோள்பட்டை எலும்பில் இருக்க வேண்டும். அது இடுப்புக்கு இறங்கினால், "கை மேல" என்று சொல்லுங்கள். முறைப் பெயரும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பெருவிரலால் உங்கள் கையை இறுக்கிப் பூட்டிப் பிடிப்பவர்களுக்கும் அப்படியே, "விரல் நோகுது, விடுங்க." சுற்றும்போது பூட்டிய கை மணிக்கட்டைத் திருகிவிடும். அதற்குப் பிறகும் மாறாவிட்டால் அவரோடு ஆடாமல் விலகி நிற்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்குக் காரணம் கேட்கும் வகுப்பு நல்ல வகுப்பல்ல. நம் பக்கத்துப் பெண்கள் பலர் பேசாமல் சகித்துக்கொள்வதையும், அந்தப் பேசாமையைச் சம்மதம் என்று மற்றவர் எடுத்துக்கொள்வதையும் பார்த்துவிட்டுத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது கவனம். டீச்சர் மற்றப் பக்கத்துக்குச் சொல்லும் நேரம் உங்களுக்கு ஓய்வு நேரமாகத் தெரியலாம், என்னைக் கேட்டால் அதுதான் உங்களுக்கான பாடம். லீட்டுக்குச் சொல்லும்போது நீங்கள் ஃபொலோ என்றால், கை எந்த எண்ணிக்கையில் உயர்கிறது, அப்போது அவருடைய பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அது தெரிந்தால் ஆடும்போது எதைக் காத்திருப்பது என்று தெரியும். லீட் என்றால், ஃபொலோ சுற்றி முடிக்க எத்தனை அடி எடுக்கிறார் என்று எண்ணுங்கள். எவ்வளவு இடமும் நேரமும் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

டீச்சர் வாய் திறந்ததும் கையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்புங்கள். "இதை ஒருக்காச் செய்து பாப்பம்" என்று ஒரு ஜோடி கிசுகிசுத்தால் பக்கத்து ஜோடியும் தொடங்கும். மின்விசிறி இரைச்சலோடு இந்தப் பேச்சும் சேர்ந்தால் பின்வரிசைக்கு டீச்சரின் குரல் கேட்காது. பேசாமல், அடி எடுக்காமல், பாரத்தை மட்டும் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றிக்கொண்டு தாளத்தைப் பிடித்து நிற்கலாம். பைலாவுக்கு இது நன்றாக உதவும். அது 6/8 தாளம். இரண்டு பெரிய அடி, ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று சின்ன அடி. புதியவர்கள் ஆறுக்கும் ஓடப் பார்த்து மூச்சு வாங்குவார்கள். இரண்டு பெரிய அடிகளைக் காலில் பிடித்துவிட்டால் மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

ஆடும்போது கவனத்தை எங்கே வைப்பது என்பதை கபிரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். தன் கை கால் என்ன செய்கிறது என்று பார்ப்பவர்களைவிட, தன் அசைவால் வெளியே என்ன நடக்கிறது என்று பார்ப்பவர்கள் பொதுவாக நன்றாகக் கற்றார்கள். ஜோடி நடனத்தில் அந்த "வெளியே" உங்கள் எதிரில் நிற்கிறது. லீட் தன் முழங்கையைப் பற்றி யோசிப்பதை விட்டு, எதிரில் நிற்பவரின் பாரம் காலுக்கு வந்துவிட்டதா என்று கவனித்தால் முழங்கையும் பெரும்பாலும் தானாக இடத்துக்கு வந்துவிடும். நிலத்தைப் பார்த்து ஆடுபவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம், உங்களை ஓயாமல் திருத்துகிறவர். "அண்ணா, இந்தப் பாட்டு முழுக்கப் பேசாம ஆடிப் பாப்பம், முடிஞ்ச பிறகு சொல்லுங்க" என்று ஒருமுறை சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். சொன்னது சரியா என்று உங்களுக்குச் சந்தேகமென்றால் வாதாட வேண்டாம், "டீச்சரைக் கேட்டுப் பாப்பம்" என்று இரண்டு பேரும் கையைத் தூக்குங்கள். அவர் இரண்டு பேரோடும் ஆடிப் பார்த்துச் சொல்வார். அதற்கும் அடங்காவிட்டால், வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் தனியாகப் போய், பாட்டுக்கு நடுவே திருத்த வேண்டாம் என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்கச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் இப்போது அப்படித்தான். இரண்டு பாட்டுப் பேசாமல் ஆடுவோம். பிறகு இசையை நிறுத்தி, ஒவ்வொருவரும் எதிரில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்பார், இளையவர் முதலில். பதிலைக் கேட்டு அதே அடியை ஒருமுறை மெதுவாகச் செய்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்வோம். உங்கள் டீச்சரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.