மின் சிகரெட்டைப் பெட்டியில் போடலாமா?

கேள்வி: முதல்முறை விமானத்தில் போகிறேன். மின் சிகரெட்டை செக்-இன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடலாமா? கழிப்பறையில் ஓரிரு இழுப்பு இழுத்தால் தெரியுமா?

பதில்: பெட்டியில் போடவே கூடாது. 2015இலிருந்து சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியே அதுதான். காரணம் புகையிலை இல்லை, உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி. பையின் நெரிசலில் பொத்தான் அழுந்திச் சூடாகித் தீப்பிடித்தால், சரக்கு அறையில் போய் அணைக்க ஆள் கிடையாது. பயணிகள் அமரும் கேபினில் என்றால் எங்களைப் போன்ற விமானப் பணியாளர்கள் தண்ணீரோடு ஓடி வருவோம். ஆகவே கைப்பையில் அல்லது சட்டைப் பையில், அணைத்த நிலையில் வையுங்கள். உதிரி பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். இடமில்லை என்று வாசலிலேயே கைப்பையை வாங்கிக் கீழே அனுப்புவார்கள் பாருங்கள், அப்போதுதான் பலர் மறக்கிறார்கள். முதலில் இதை வெளியே எடுத்துவிடுங்கள்.

விமானத்துக்குள் சார்ஜ் போடவும் தடை. மின் சிகரெட்டில் ஊற்றும் திரவக் குப்பிகளுக்கு வழக்கமான 100 மி.லி. வரம்புதான். கேபின் அழுத்தம் குறைவதால் அந்தத் திரவம் நிரம்பிய டேங்க் கசியும், பாதி காலியாக வையுங்கள்.

கழிப்பறை விஷயம்? ஆவிக்கும் அங்குள்ள புகை உணரி கத்தும். நான் பணியில் இருந்தபோது கதவைத் தட்டினால், எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றே: “சென்ட் அடித்தேன்.” நம்பியதில்லை!

அப்புறம், இறங்கும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். இந்தியா 2019இல் இறக்குமதியையே தடை செய்துவிட்டது. அங்கெல்லாம் போவதென்றால் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.