ஃபோர் வீல் லிவர் சிக்கினால் உடனே ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றாதீர்கள்

கேள்வி: தாத்தா 1970-ல் வாங்கிய மஹிந்திரா சிஜே3பி ஜீப் எங்களிடம் இருக்கிறது. 1980-களில் அப்பா பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் போட்டார். ஆர்சியிலும் டீசல் என்றே ஏறியிருக்கிறது. மூன்று வருடமாக நானே ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து ஓட்டுகிறேன். பின்னால் இரண்டு புது டயர் போட்டிருக்கிறேன். போன மாதம், ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று, முன் சக்கரங்களையும் சேர்த்து இழுக்க வைக்கும் ஃபோர் வீல் லிவரைப் போட்டு, காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினேன். மேலே போனபின் லிவர் வெளியே வரவே இல்லை. ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகிவிட்டது. அப்படியே இறங்கி வந்து வீட்டு மண்வாசலில் விட்டேன். மறுநாள் முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு இழுத்தபோது லிவர் தானாக வந்துவிட்டது. இன்ஜின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். அவருக்குத் தெரிந்த புரோக்கர் ரீகண்டிஷன் கேஸ் 42,000 ரூபாய் சொல்கிறார். பழைய கேஸையும், கொட்டகையில் கிடக்கும் பெட்ரோல் இன்ஜினையும் கொடுத்தால் 30,000 போதுமாம். விண்டேஜ் நம்பரும் வாங்கித் தருவாராம். செய்யலாமா? – ராசிபுரம் வாசகர்

பதில்: செய்யாதீர்கள். கேஸும் மாற்ற வேண்டாம், இன்ஜினையும் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்: மண்வாசலில் நகர்த்தியதும் லிவர் தானாக வந்துவிட்டது. உள்ளே பல்லோ பேரிங்கோ உடைந்திருந்தால் ஒரு ராத்திரி வாசலில் நின்றதால் அது சரியாகியிருக்குமா?

நடந்தது இதுதான். வாசலில் தண்ணீர் தெளித்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஜீப்பை ஒரு அரை வட்டம் ஓட்டிப் பாருங்கள். தரையில் நான்கு தடம் விழும். முன் சக்கரத் தடம் வெளியே இருக்கும், பின் சக்கரத் தடம் உள்ளே இருக்கும். அதாவது ஒவ்வொரு திருப்பத்திலும் முன் சக்கரம் பின் சக்கரத்தை விடக் கூடுதல் தூரம் ஓடுகிறது. சாதாரணமாக ஓட்டும்போது இது ஒரு விஷயமே இல்லை, முன்னால் இருப்பது அதன் பாட்டுக்கு ஓடும். ஃபோர் வீல் போட்டால், முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. பிறகு இரண்டும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்ற முடியும். இப்போது வரும் சில கார்களில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) வைத்து இந்தத் தகராறைத் தீர்த்துவிடுகிறார்கள். உங்கள் ஜீப்பில் அது கிடையாது.

சேற்றில், மணலில் கவலை இல்லை. டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் டயர் வழுக்காது. அந்த வித்தியாசம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் ஆக்சிலிலும் முறுக்காக ஏறுகிறது, ஈர வேட்டியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துப் பிழிவது போல. அந்த முறுக்கு, கேஸுக்குள் லிவர் நகர்த்தும் பல்லைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் காலை உதைத்து இழுத்தாலும் வராது.

எவ்வளவு முறுக்கு என்று ஒரு கணக்குப் போடுகிறேன். சிஜே3பி-யின் வீல்பேஸ் 80 அங்குலம், அதாவது சுமார் 2 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் ஆக்சிலின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வையுங்கள். முன் ஆக்சில் ஏறத்தாழ ஒரு மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இடையில் டயர் கத்திக் கத்தித் தேய்ந்து கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கிராஸ் உடைந்திருக்கும். கேஸ் உடையாமல் உங்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்ததற்கு அந்தப் பழைய வார்ப்புக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதோடு உங்கள் டயர் வேலை வேறு. பின்னால் மட்டும் புது டயர் என்கிறீர்கள். முன் டயர் 5 மில்லி தேய்ந்திருந்தாலே அதன் சுற்றளவு சுமார் 31 மில்லி குறைந்துவிடும். 6.00-16 டயரின் சுற்றளவு தோராயமாக 2.28 மீட்டர். நேர் ரோட்டிலேயே ஒரு கிலோமீட்டருக்கு 13 மீட்டருக்கு மேல் கணக்கு உதைக்கும். கூடுதலாக ஓட வேண்டிய முன் சக்கரம்தான் உங்கள் வண்டியில் சின்னது.

டயர் ஓரத்தில் ஒரே சைஸ் அச்சடித்திருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வேறு வேறு கம்பெனி டயர் அதே சைஸில் வேறு வேறு உயரம் இருக்கும், ரீட்ரெட் டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாக்பீஸ் எடுங்கள். ஃபோர் வீலை எடுத்துவிட்டு, நான்கு டயரிலும் காற்றைச் சரியாகப் பிடித்து, டயரிலும் தரையிலும் ஒரு கோடு போடுங்கள். வண்டியை நேராகத் தள்ளி ஐந்து சுற்று உருட்டி, எங்கே நிற்கிறது என்று டேப்பால் அளங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஐந்து சுற்றில் நான்கு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் அந்த வண்டியில் ஃபோர் வீல் போட விடமாட்டேன். இது என் பட்டறைக் கணக்கு, புத்தகத்தில் தேடாதீர்கள். டயரை நான்காக மாற்றுங்கள், இரண்டாக மாற்றாதீர்கள்.

இனி லிவர் சிக்கினால்: வண்டியை மண் பக்கம் ஒதுக்குங்கள். சக்கரத்தை நேராக்கி ரிவர்ஸில் இருபது முப்பது அடி போங்கள். போகும்போதே கிளட்ச்சை மிதித்து லிவரை மெதுவாக இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். சக்கரம் தரையை விடும் நொடியில் அது ‘டக்’கென்று தானாகக் கொஞ்சம் சுற்றும். அந்தச் சுற்றுதான் உங்கள் 42,000 ரூபாய். அதற்குப் பிறகு லிவர் இரண்டு விரலில் வரும். சக்கரத்தின் பக்கத்தில் கையையோ முகத்தையோ வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், அந்த உதறலில் விரல் போகும். ஹேண்ட் பிரேக்கை நம்பிக் கல்லை விட்டுவிடவும் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் ஜீப்பில் இரண்டு குட்டி லிவர் இருக்கும், ஒன்று ஃபோர் வீலுக்கு, இன்னொன்று லோவுக்கு, அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியருக்கு. ஃபோர் வீல் போடாமல் லோ விழாதபடி உள்ளே ஒரு பூட்டு உண்டு. அதனால் மலை இறக்கத்தில் லோ போட்டு இறங்கலாம் என்று நினைத்தாலும் இதே கதைதான். தார் ரோட்டில் கியர் பாக்ஸின் ஒன்றாவது, இரண்டாவது கியரில் இறங்குங்கள். சிஜே3பி-யில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர். ஒரு பைப் ஒழுகினால் நான்கு பிரேக்கும் போச்சு. லிவரைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் பிரேக் பைப்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள்.

கேஸ் நிஜமாகவே போயிருந்தால் அது வேறு மாதிரி பேசும். ஏற்றத்தில் லிவர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும். எந்த கியரிலும் ஒரே மாதிரி உறுமும். வடிகால் போல்ட்டைக் கழற்றினால் ஆயிலோடு தூள் வரும்: விரலில் தேய்த்தால் மை மாதிரி இருந்தால் பரவாயில்லை, மணல் மாதிரி நறநறத்தால்தான் பிரிக்க வேண்டும். கியர் பாக்ஸில் ஆயில் குறைந்து கேஸில் ஏறியிருந்தால் பெரும்பாலும் நடுவில் இருக்கும் சீல் வேலைதான். அதற்காக யாரும் கேஸை மாற்றுவதில்லை.

சரி, புரோக்கருக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு இப்போதும் கை துறுதுறுக்கும். முப்பது வருடத்துக்கு முன் என் சொந்த ஜீப்பின் கேஸை ஓவராலுக்காக ஒரு பட்டறையில் விட்டேன். பத்து நாள் கழித்து, பளபளவென்று வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. ஏதோ சந்தேகத்தில் நடு ஷாஃப்ட் போகும் துளைக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரால் கீறினேன். வெள்ளிக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு. விரிசல் விட்ட வேறொரு கேஸைப் பித்தளை வைத்து ஒட்டி எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். என்னுடையது யார் வண்டியில் ஓடுகிறதோ. என்னுடையதுதான் என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

அதனால் எதைக் கழற்றக் கொடுத்தாலும், முதலில் வார்ப்பில் எழுந்து நிற்கும் எண்ணைப் படம் எடுங்கள். வெளியே தெரியாத இடத்தில் சென்டர் பஞ்சால் மூன்று புள்ளி வையுங்கள். கழற்றிய பழைய சாமான் ஒவ்வொன்றையும், உடைந்த பேரிங் உட்பட, கோணியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பழையதைக் கொடுத்தால் விலை குறையும் என்று ஒருவர் சொன்னால், பழையதுதான் அவருக்கு வேண்டும் என்று அர்த்தம். நீங்கள் இருப்பது நாமக்கல் மாவட்டத்தில். தேய்ந்த ஷாஃப்ட்டைக் கடைந்து தர லேத்துக்கா அங்கே பஞ்சம்?

விண்டேஜ் நம்பர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் இப்போது பலரை மடக்குகிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வாடகைக்கு ஓடாத சொந்த வண்டி விண்டேஜ் ஆகலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து ஆண்டு செல்லும். புதிதாகப் பதிந்தால் நம்பரில் ‘விஏ’ என்று வரும். ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். 1970 மாடல் என்பதால் வயதில் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

ஆனால் அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது, புரோக்கர் அதைப் படிக்க மாட்டார். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உங்கள் ஜீப்பில் அப்பா டீசல் இன்ஜின் ஏற்றிவிட்டார். அதுவும் திருட்டுத்தனமாக இல்லை, ஆர்சியிலேயே ஏற்றி! அன்றைக்கு பெட்ரோல் கட்டுப்படியாகாமல் இதே சிஜே3பி-க்கு டீசல் மாற்றிய வீடுகள் எத்தனை என்று அந்தக் காலத்து மெக்கானிக்குகளைக் கேட்டால் சொல்வார்கள். அரசாங்கம் ஒரு கையால் முத்திரை குத்திய மாற்றத்தை, இன்னொரு கையால் தகுதிக் குறைவு என்று எழுதிவைத்திருக்கிறது. விதியை எழுதியவர், இப்படி டீசல் மாற்றிய ஜீப்புகள் உழைக்கும் ஒரு மலைத்தோட்டத்தைப் பார்த்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டார். கோபப்பட்டு என்ன பயன், விதி விதிதான். மாநிலம் அமைக்கும் குழு வண்டியைப் பார்த்துத்தான் விண்டேஜ் என்று சொல்லும். அதை ஒரு புரோக்கர் ‘வாங்கித் தர’ முடியாது.

இப்போது அவர் கேட்ட சாமானைப் பாருங்கள். உங்கள் ஜீப் என்றைக்காவது விண்டேஜ் என்று போய் நிற்க வேண்டுமென்றால் எது வேண்டும்? கொட்டகையில் கிடக்கும் அந்த பெட்ரோல் இன்ஜின்தான். 2.2 லிட்டர் ஹரிக்கேன். இந்த இன்ஜின் உயரமாக இருந்ததால்தான் சிஜே3பி-யின் பானெட்டையே மற்ற ஜீப்புகளை விட உயர்த்திக் கட்டினார்கள். விண்டேஜ் வாங்கித் தருகிறேன் என்பவர், அதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரத்தை 12,000 ரூபாய் கழிவுக்கு எடுத்துப் போகப் பார்க்கிறார்.

இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்: விண்டேஜாகப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொல்லிமலை போக அந்த விதியில் இடமில்லை. ஓட்டுவதுதான் உங்கள் ஆசை என்றால், டீசல் என்றே இருக்கும் ஆர்சியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு இருங்கள். நீங்களே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்துங்கள். அரை நாள் வெயிலில் நிற்க வைப்பார்கள், ஒரு ஜெராக்ஸ் குறைகிறது என்று மறுநாள் வரச் சொல்வார்கள். போங்கள். டிங்கரிங் செய்பவர் சேசிஸ் நம்பர் மேல் பட்டி பூசாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு. நம்பர் தெரியாவிட்டால் அப்புறம் யாராலும் காப்பாற்ற முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை சொல்கிறேன். கொட்டகைக்குப் போய் அந்த ஹரிக்கேனின் முன்பக்கம், வாட்டர் பம்ப் அருகே பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணைத் தேடுங்கள். டீசலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும், எமரி பேப்பர் போடாதீர்கள். எண் தெரிந்ததும் படம் எடுத்து, பழைய ஆர்சியோ டாக்ஸ் புத்தகமோ இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, திரும்ப மூடி, கீழே இரண்டு கட்டை கொடுத்துத் தரையை விட்டுத் தூக்கி வையுங்கள். மேலே கோணி போதும். பாலித்தீன் போட்டால் வியர்த்துத் துருப்பிடிக்கும்.