கார்டு செத்துவிட்டதா? பழைய கணினிக் கேள்வி-பதில்

கே: இசட்எக்ஸ்81 கணினிக்கு 16கே ராம் பேக் (பின்னால் செருகும் கூடுதல் மெமரிப் பெட்டி) வாங்கினேன். விசையை அழுத்தினாலே திரை போய்விடுகிறது. திருப்பி அனுப்பவா?

ப: வேண்டாம். 1981-லேயே அந்தப் பேக் செருகிய இடத்தில் ஆடத்தான் ஆடியது. கணினியின் விளிம்புத் தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். பிறகு பேக் அசையாமல் முட்டுக்கொடுங்கள்.

கே: அமிகா 500-க்கு ஏ501 மெமரி கார்டு ஏலத்தில் எடுத்தேன். ‘சோதிக்கவில்லை, உள்ளபடி விற்பனை’ என்று போட்டிருந்தார்கள். தகர மூடியைத் திறந்தால் உள்ளே பச்சையாகப் படர்ந்திருக்கிறது. கூடுதல் 512 கேபி தெரியவில்லை. விற்றவர் கைவிரிக்கிறார்.

ப: கார்டில் இருக்கும் பேட்டரி கக்கியிருக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை. ‘சோதிக்கவில்லை’ என்று பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணினியின் அடிப்பக்க மூடியைத் திறந்து கார்டைச் செருகிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? செருகிப் பார்த்து, ஓடவில்லை என்று தெரிந்த பிறகுதான் பலர் அப்படி எழுதுகிறார்கள். மூடி போட்ட படமாகவே கொடுத்திருப்பாரே? என் அலமாரியிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. படத்தில் பளபளத்த பக்கம் இன்னும் பளபளக்கிறது. இனி மூடி திறந்த படம் தராதவரிடம் ஏலமே கேட்காதீர்கள். இப்போதைக்கு, கசிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று படங்களோடு தளத்தில் புகார் கொடுங்கள்.

பணம் வராவிட்டால், பேட்டரியை வெட்டி எடுங்கள். கசிந்தது காரம் என்பதால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஆல்கஹால் தடவி நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் மல்டிமீட்டரை வைத்து கார்டின் ஒவ்வொரு செப்புத் தடத்திலும் மின்சாரம் போகிறதா என்று பாருங்கள்; அரித்துப்போன இடத்தில் மெல்லிய கம்பி இழுத்துப் பற்றவைத்தால் போதும். பேட்டரி கடிகாரத்துக்குத்தான், மெமரிக்கு அது தேவையில்லை. கடிகாரமும் வேண்டுமென்றால் சிஆர்2032 பட்டன் பேட்டரி போடலாம், ஆனால் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) இல்லாமல் கூடாது. பழைய பேட்டரியை சார்ஜ் செய்த மின்சாரம், சார்ஜ் ஏற்றக் கூடாத இதற்குள்ளும் போகும்.

கே: ஆப்பிள் டூ பிளஸில் டிரைவ் கேபிளைக் கழற்றி மாட்டியதிலிருந்து பிளாப்பி படிக்கவில்லை. டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் கார்டு போய்விட்டது என்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே.

ப: கேபிளை ஒரு பின் தள்ளிச் செருகியிருப்பீர்கள். 20 பின், தப்பாகப் போவதைத் தடுக்க ஒன்றும் இல்லை. அப்படி நடந்தால் பெரும்பாலும் போவது டிஸ்க் டூ (ஆப்பிளின் பிளாப்பி டிரைவ்) உள்ளே இருக்கும் 74எல்எஸ்125 சிப். சில்லறைக் காசு. முழு கார்டு வாங்கக் காட்டிய அவசரத்தில் பாதியைக் கேபிளைப் பார்க்கக் காட்டியிருக்கலாம். இரண்டாவது கார்டை, வேலை செய்யும் டிரைவில் சோதித்துவிட்டு விற்றுவிடுங்கள். ‘சோதித்தது’ என்று எழுதி.

கே: கணினி ஓடும்போதே கார்டைப் பிடுங்கலாமா?

ப: கூடாது.

கே: கமடோர் 64-இல் இரண்டு கார்ட்ரிட்ஜ் அடுத்தடுத்துச் செத்தன. ‘ஒரிஜினல் அடாப்டர்தான் நல்லது’ என்று கடைக்காரர் கூடுதல் விலைக்குக் கொடுத்ததைத்தான் போடுகிறேன்.

ப: பாவம், உங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு எமனை விற்றிருக்கிறார். கருப்புக் கட்டி போன்ற அந்தப் பழைய அடாப்டர் கெடும்போது, 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் அதற்கு மேல் ஏறிவிடும். முதலில் ராம் சிப்கள் போகும், செருகியிருப்பதும் கூடப் போகலாம். பல கட்டிகளில் உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் பழுதுபார்ப்பதும் சிரமம். கணினியில் மாட்டாமல் மீட்டரால் அளந்து பாருங்கள். அந்த 5 வோல்ட் 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதோடே கடைக்குப் போய், அவர் கண் முன்னாலேயே இன்னொரு முறை அளந்து காட்டிப் பணத்தைக் கேளுங்கள்.