போருக்குப் பிறகு பெண்களின் நிலை

கேள்வி: போர் முடிந்ததும் சமூகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுமா? பெண்களுக்கு உரிமைகளைப் பெற்றுத் தந்ததே உலகப் போர்கள்தான் என்கிறார்களே, அது சரியா?

பதில்: பாதிதான் சரி. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் குண்டுகளை நிரப்பிய பெண்களில் பலருக்கு, டி.என்.டி. என்னும் வேதிப்பொருளால் தோலே மஞ்சளாகிப் போனது. 1918இல் போர் முடிந்ததும் அவர்கள் கூட்டங்கூட்டமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வீட்டு வேலைக்குப் போக மறுத்தவர்களுக்கு, வேலையற்றோர் உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு வந்த வாக்குரிமைச் சட்டமோ, சொத்துத் தகுதியுடைய, 30 வயது நிரம்பிய பெண்களுக்கே பெரும்பாலும் பயன்பட்டதால், தொழிற்சாலைகளில் உழைத்த இளம்பெண்கள் 1928 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வாக்குரிமையைப் பெண்களின் போர்க்கால உழைப்புக்கான நன்றிக்கடன் என்று வருணிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த உரிமைக்காகப் போருக்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே பெண்கள் போராடி வந்தார்கள்.

ஜப்பானிலும் இதுதான் கதை. 1945 டிசம்பரில் வாக்குரிமை பெற்று, 1946 ஏப்ரல் தேர்தலில் 39 பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்கள் என்றால், அதற்கு, இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானில் நடந்த நேச நாடுகளின் ஆட்சி மட்டுமன்றி, பெண் வாக்குரிமைப் போராளி ஃபுசாயே இச்சிகாவா போன்றோரின் நெடுங்கால உழைப்பும் காரணம்.

போர் ஓய்ந்தவுடன் இல்லாமை ஓய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் நடந்தபோதுகூடப் பிரிட்டனில் ரொட்டிக்குப் பங்கீடு இல்லை. போர் முடிந்தபின், 1946இல்தான் அது வந்தது. ஆனாலும் அந்தத் தட்டுப்பாட்டுக்கு நடுவிலேயே, 1948இல், எல்லோருக்கும் பொதுவான தேசிய மருத்துவ சேவையை அந்நாடு தொடங்கியது.